சீத்தாமரமும் ஒரு பிரஷ்ஷும்

எங்க வீட்டுக் கொல்லையில் ஒரு சீத்தாமரம். சித்திரை வந்தால் பூத்துத் தள்ளும். அத்தனையும் உதிரும். காய்? மூச்!

"மலட்டு மரம்டா. வெட்டிட்டு கொய்யா வை" என்றாள் அம்மா. மரத்தைத்தான் சொன்னாள். ஆனால், துணி காயப்போட்டுக் கொண்டிருந்த என் மனைவி பக்கெட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம்.

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஆபீஸில் எனக்குக் கணக்கு வேலை. (எங்க ஊரில் தீப்பெட்டி ஒட்டினாலும் ஆபீஸ், பட்டாசுக்கு மருந்து அடைத்தாலும் ஆபீஸ்தான்!) பைண்டிங்கில் ஒரு அண்ணாச்சி, பாட்டனி பட்டதாரி. அவரிடம் புலம்பினேன்.

"மரத்து மேல தப்பில்ல தம்பி. இது ஷிப்ட் பிரச்னை!"

ஒரே பூவுக்குள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சீத்தாவில் பெண்ணுக்கு முதல் ஷிப்ட். இதழ் லேசாகப் பிரியும்போதே சூலகமுடி பிசுபிசுவென்று தயார். அது ஓய்ந்த பிறகுதான் இதழ் நன்றாக விரிந்து மகரந்தம் கொட்டும். ரெண்டு பேரும் கேட்டில்கூடச் சந்திப்பதில்லை. பாடப் புத்தகத்தில் இதற்கு 'இருகால முதிர்வு' என்று பேர். 1793-லேயே ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மன் வாத்தியார் எழுதிவிட்டாராம். தன் மகரந்தத்தில் தானே காய்க்காமல் வெளிச் சம்பந்தம் தேடத்தான் இந்த ஏற்பாடு.

கம்பும் பெண் முந்தி. நம்ம விருதுநகர்ப் பக்கத்து மக்காச்சோளம் ஆண் முந்தி. உச்சிப் பூ தூள் உதிர்க்க ஆரம்பித்த பிறகுதான் கதிரில் நார் எட்டிப் பார்க்கும். காடு நிறையச் செடி நிற்பதால் காற்றே தரகு வேலையை முடித்துவிடும். சீத்தாவுக்கோ குட்டி வண்டுகள் வரணும். நம்ம ஊர் வெயிலில் சூலகமுடியும் சீக்கிரம் காய்ந்து தொலைக்கும்.

"ஒரே மரமானாலும் பரவால்ல, பூவுக்குப் பூ மாத்தணும். வண்டு வேலையை நீரே பாரும்!"

பெயின்ட் பிரஷ் கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "பாப்பா எத்தனாவது படிக்குது?" என்றார்.

"சீத்தாமரத்துக்குங்க."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

விடியற்காலையில் மனைவி டார்ச் அடிக்க, விரிந்த பூக்களின் தூளைக் காலித் தீப்பெட்டியில் தட்டிச் சேர்த்தேன். அரைகுறையாகத் திறந்த பூக்களுக்குள் பிரஷ்ஷால் தடவினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையை இழுத்துக்கொண்டார்.

இருபது பூவில் பதினொன்று நின்றது. அம்மா இப்போது கொய்யா பேச்சே எடுப்பதில்லை. மனைவி தினமும் காலையில் காய்களை எண்ணுகிறாள். நேற்று பன்னிரண்டு என்றாள். அந்தக் கிளைக்கு என் கை எட்டவே எட்டாது. எந்த வண்டோ!