இருட்டின் கணக்கு

நாம் குடியிருக்கும் ஊரில் மின்சாரம் வழங்குவது சர்க்காரும் அல்ல, கம்பெனியும் அல்ல. நகரசபையே வழங்குகிறது. ஊரின் பெயரை நேயர்களுக்குச் சொல்லப் போவதில்லை. இக்கட்டுரையை எழுதி முடிக்கும் வரையிலாவது விளக்கு எரிய வேண்டும் என்ற சுயநலமே அதற்குக் காரணம்.

நகரசபை மின்சாரம் நம் தேசத்திற்குப் புதிய விஷயமன்று. 1897-ஆம் வருஷம் நவம்பர் மாதத்திலேயே டார்ஜிலிங் நகரசபை, சித்ராபோங் என்னுமிடத்தில் மலை ஓடைகளின் நீரைக் கொண்டு 130 கிலோவாட் சக்தியுள்ள ஒரு நிலையத்தை நடத்தத் தொடங்கித் தன் தெருக்களில் தீபம் ஏற்றிவிட்டது. தன் ஊருக்குத் தானே விளக்கேற்றிக் கொள்வது ஸ்தல சுயஆட்சியின் அழகான லட்சணம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த விளக்கு அணையும்போது யாரைக் குறை கூறுவது என்பதுதான் கேள்வி.

நாம் நெடுநாளாக நகரசபையைத்தான் குறை கூறி வந்தோம். திண்ணையில் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சுத்தான். மழைத் தூறல் விழுந்தால் மின்சாரம் போகும். வெயில் காய்ந்தாலும் போகும். அந்த இலாகாவைப் பற்றி நாம் பிரயோகித்த வசை மொழிகளைத் தொகுத்தால் ஒரு சிறு நிகண்டே வெளியிடலாம்.

சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு, காற்றும் மழையுமாக இருந்தபோது, தெரு முழுவதும் திடீரென்று இருண்டது. எதிர் வீட்டுப் பாட்டியம்மாளுக்கு நுரையீரல் வியாதி. மின்சாரத்தினால் ஓடும் பிராணவாயு யந்திரத்தின் தயவில்தான் மூச்சு விட்டுக் கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவருடைய பேரன் நனைந்துகொண்டே ஓடிவந்தான்.

"மாமா! இன்வெர்ட்டர் இன்னும் அரை மணிக்கு மேல் தாங்காது போலிருக்கிறது. நீங்கள் ஒருமுறை ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லுங்களேன்!" என்றான். அவன் குரல் நடுங்கியது.

போன் செய்தோம். "ஆள் புறப்பட்டாகிவிட்டது" என்று பதில் வந்தது. வழக்கமாகச் சொல்லும் சமாதானம் என்று நினைத்து, வருகிறவர் மீது பொழிவதற்காக ஓர் ஆவேசப் பிரசங்கத்தை மனத்திற்குள் தயார் செய்துகொண்டு வாசலில் நின்றோம்.

லைன்மேன் உண்மையாகவே வந்துவிட்டார். கையில் டார்ச்சு விளக்கு. தலையிலிருந்து மழை நீர் சொட்டிக் கொண்டிருந்தது. ஒளியைக் கம்பிகளின் மீது செலுத்திக் கொண்டே வந்தவர், நம் வீட்டு வாசலில் நின்றார். "இந்த மாமரம் யாருடையது, ஐயா?" என்று கேட்டார்.

நம் மரந்தான். அதன் ஒரு கிளை முறிந்து 11,000 வோல்ட் செல்லும் கம்பிகளின் மேல் சாய்ந்து கிடந்தது. இலாகா ஆட்கள் வைகாசி மாதத்தில் கிளை கழிக்க வந்ததும், "காய் இருக்கிற மரத்தில் கத்தி வைக்காதீர்கள்" என்று நாம் அதட்டித் திருப்பி அனுப்பியதும் அப்போது ஞாபகத்திற்கு வந்தன. தயார் செய்திருந்த பிரசங்கம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கம்பியில் மின்சாரம் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அந்த மழையில் ஏறிக் கிளையை வெட்டினார். விளக்கு எரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பேரன் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்துவிட்டபடியால் பாட்டியம்மாள் பிழைத்தார். அது அவர் செய்த புண்ணியமேயன்றி நம்முடைய யோக்கியதையன்று.

மறுநாள் வெட்கத்துடன் இந்த விஷயத்தை ஆராயத் தொடங்கினோம். மின்சார ஸ்தாபனங்கள் இருட்டை அளப்பதற்கு இரண்டு அளவுகோல்கள் வைத்திருக்கின்றன. ஒரு வருஷத்தில் ஒரு வீட்டிற்குச் சராசரியாக எத்தனை தடவை மின்சாரம் நின்றது என்பது ஒன்று. எத்தனை நிமிஷம் நின்றது என்பது மற்றொன்று. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம், மின்சாரம் வழங்குவோருக்குச் சேவைத் தரத்தை விதிக்கவும், அத்தரம் தவறினால் நஷ்டஈடு கொடுக்கச் செய்யவும் இடமளிக்கிறது.

நல்லதுதான். ஆனால் சராசரி என்பது பொல்லாத வஸ்து. ஆயிரம் வீடுகளில் நூறு வீடுகள் ஒரு மணி நேரம் இருண்டு கிடந்தால், சராசரிக் கணக்கில் வீட்டிற்கு ஆறு நிமிஷந்தான் ஆகிறது! பாட்டியம்மாளின் ஒரு மணி நேரம் அந்த ஆறு நிமிஷத்திற்குள் மறைந்து போகிறது.

அமெரிக்காவில் சட்டநூகா நகரத்திலும் ஊருக்குச் சொந்தமான மின்சார ஸ்தாபனமே 1935-ஆம் வருஷத்திலிருந்து இருந்து வருகிறது. அங்கே மின்பாதைகளில் தானியங்கி விசைகளை ஏராளமாக அமைத்திருக்கிறார்கள். ஒரு கிளை விழுந்தால், பழுதான பகுதியை மட்டும் அவை துண்டித்துவிட்டு, கூடியவரையில் மற்றப் பகுதிகளுக்கு வேறு வழியாக மின்சாரத்தைத் திருப்பிவிடுகின்றன. அத்தகைய சாதனங்களுக்குப் பணம் வேண்டும். ஆனால் எந்தத் தெரு, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், என்ன காரணத்தால் இருண்டது என்று எழுதி ஊரார் பார்வைக்கு வைக்க ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் நேர்மையும் போதும்.

ஆகவே நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். மாதந்தோறும் தெருவாரியாக இருட்டுக் கணக்கை வெளியிட வேண்டும்; பிராண யந்திரம் வைத்திருக்கும் வீடுகளின் ஜாபிதா ஒன்றை ஆபீஸில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். காரணம் எழுதும் இடத்தில் உண்மையையே எழுத வேண்டும் என்றும், "வீட்டுக்காரர் கிளை வெட்ட மறுத்தார்" என்பதே உண்மையானால் அதையும் அப்படியே எழுதலாம் என்றும் சேர்த்திருக்கிறோம். அந்நிய ஆட்சியில் குறை சொல்வதோடு நம் கடமை தீர்ந்திருந்தது. நகரசபை நம்முடையது என்றால் அதன் விளக்கு மட்டுமல்ல, இருட்டும் நம்முடையதுதான்.

பதில் இன்னும் வரவில்லை. ஆனால் வருகிற வைகாசியில் அரிவாளோடு ஆட்கள் வந்தால், ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக உத்தேசித்திருக்கிறோம். மாங்காய் குறைந்தால் குறையட்டும்.