கையால் கற்கும் பிள்ளைகள் யார்?

தோழர்களே, ஒரத்தநாடு பக்கம் எங்கள் தெருவில் மாலைப் பாடம் எடுக்கும் நாலைந்து பேரை ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் மூன்று வகையாம்: கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர். ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பிரித்து எழுதச் சொன்னார்கள். நாங்கள் எழுதி முடிக்கும் முன்பே பயிற்சியாளர் சொன்னார்: "உங்க ஏரியா பிள்ளைங்க பெரும்பாலும் கையாலதான் சார் கத்துக்கும்." அன்பாகத்தான் சொன்னார்.

1953-ல் ராஜாஜி கிராமப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டமும் இப்படித்தான் பேசியது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. நாற்றுப் பறிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குக் கைதான் மூளை என்ற நினைப்பு மட்டும் தங்கிவிட்டது.

அந்த வகைப்பாட்டுக்கு ஆதாரமும் கிடையாது. 2008-ல் ஹரோல்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பிள்ளையின் 'பாணி'க்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகப் படியும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள்.

அதற்காக எல்லாருக்கும் ஒரே வேகத்தில் பாடம் நடத்தச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளிடம் வேறுபடுவது பள்ளிக்குப் போகிற நாட்கள். அம்மா சம்பா நடவுக்குப் போனால் மூன்றாம் வகுப்புக்காரி கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். பத்து நாள் கழித்துப் போகும்போது கழித்தல் முடிந்து பெருக்கல் ஓடுகிறது. அப்புறம் அவளுக்கு 'மெல்லக் கற்பவர்' என்று பெயர்.

இதற்கு ஒரு வழி நம்மிடமே இருந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து எடுத்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல். 2007-08-ல் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. பிள்ளை ஏணியில் எந்தப் படியில் விட்டுப் போனாளோ, திரும்பி வந்து அந்த அட்டையிலிருந்தே தொடரலாம். ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும், சேரிப் பிள்ளைகளோடு வட்டமாக, ஒரே பாயில். டெல்டாவில் அது என்ன விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். (அதிகாரி வரும் நாளில் மட்டும் அட்டை விரித்த வகுப்புகளும் உண்டு.)

2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். அரும்பு என்பது பிள்ளையின் இன்றைய நிலை, மாற வேண்டியது. ஜூனில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஜனவரியில் மொட்டுக்கு வந்தார்கள், வராதவர்கள் எந்தத் தெரு? பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நம் தாய்மார்கள் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதை அவர்களே கேட்கட்டும்.