நீட்டி நிமிர்ந்த அளவு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். எங்கள் வீட்டிலோ பாம்பு ஒன்று இரண்டு மாத காலமாக உணவுவேளைப் பேச்சாக இருந்தது. அப்பாம்பை எங்களில் எவரும் நேரிற் கண்டதில்லை. அது இலண்டனில், என் தமையனாரின் அறையில், 3 அடி நீளமான கண்ணாடிப் பெட்டியொன்றினுள் கிடந்தது. அதற்கு எவ்வளவு பெரிய கூடு வேண்டும் என்ற வினா, கிளிநொச்சியில் தச்சுப்பட்டறை நடத்தும் என் தந்தையாரிடமும், அவர் வாயிலாக மெய்யியல் பயிலும் என்னிடமும் வந்து சேர்ந்தது. அற்பமென்று நான் எண்ணிய அவ்வினா என்னை இட்டுச்சென்ற இடத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

அண்ணா 2014இல் இலண்டன் சென்றவர். அவரோடு ஒரே வீட்டில் அறையெடுத்திருந்த நண்பரொருவர் தம் நாடு திரும்பியபோது, தாம் வளர்த்த போவாப் பாம்பை இவரிடம் ஒப்படைத்துச் சென்றார். மெக்சிக்கோ தொடக்கம் ஆர்ஜென்ரீனா வரையுள்ள நிலப்பரப்பு இப்பாம்புகளின் தாயகம். நஞ்சற்றவை, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்பவை, முட்டையிடாது குட்டி ஈனுபவை. பிறக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமுள்ள குட்டி, வளர்ந்தபின் ஆணாயின் 5 அல்லது 6 அடியும், பெண்ணாயின் பெரும்பாலும் 6 முதல் 8 அடியும் நீளும். நன்கு பேணப்பட்டால் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். எமது வடபுலத்து வறண்ட மணலில் வாழும் மண்ணுளிப்பாம்பு இதற்குத் தூரத்து உறவு என்று நான் வாசித்துக் கூறியபோது, அம்மாவின் அச்சம் சற்றுத் தணிந்தது. அண்ணாமீது கொண்ட கோபம் மட்டும் தணியவில்லை.

ஒருநாள் அப்பாம்பின் மூக்கு நுனியில் புண் கண்டிருப்பதை அண்ணா கவனித்தார். இரவு முழுவதும் அது கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே வழி தேடுகிறது என்றும், பெட்டி போதாமையே அதற்குக் காரணம் என்றும் விலங்கு வைத்தியர் கூறினாராம். அன்றிரவே அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் மரப்பெட்டி ஒன்றுக்குப் படம் கீறித் தருமாறு கேட்டார். பெட்டியின் நீளமும் அகலமும் கூடிய தொகை பாம்பின் நீளத்துக்குச் சமமாயிருந்தாற் போதும் என்பது பாம்பு வளர்ப்போரிடையே நெடுங்காலமாக வழங்கிவந்த கணக்கு. அண்ணாவின் பாம்பு 6 அடி. ஆகவே கணக்குச் சரி.

அப்பா ஒரு கேள்வி கேட்டார்:

"உந்த ஆறடி எப்பிடி எடுத்தனி, தம்பி?"

முதலில் பாம்பு கழற்றிய சட்டையை அளந்ததாகவும், அது 7 அடி இருந்ததாகவும் அண்ணா சொன்னார். கழலும்போது சட்டை இழுபட்டு நீளுமாதலால் அவ்வளவு பிழையென்று அறிந்து, பின்னர் பாம்பு சுவரோரமாக ஊர்ந்து செல்கையில் நூல் பிடித்து அளந்தாராம்.

"அப்ப அது நிமிர்ந்து கிடந்தால் ஆறடி. நாலடிப் பெட்டிக்குள்ள எப்பிடி நிமிரும்?"

"அது எப்பவும் சுருண்டுதான் அப்பா கிடக்குது. அதுக்கு உவ்வளவு இடம் காணும்."

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "மூண்டடிப் பெட்டியெண்டால் அது வேற எப்பிடிக் கிடக்கும்?" என்றார்.

மூன்று ஆண்டுகள் அளவையியல் கற்ற எனக்கு, அவ்வொரு வாக்கியத்தின்முன் வெட்கமே உண்டாயிற்று. அடைத்துவைத்ததனால் விளைந்த நிலையையே அடைத்துவைப்பதற்கு நியாயமாகக் காட்டும் வழுவை, பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திய தச்சர் ஒருவர் கண்ட மாத்திரத்தே பிடித்துவிட்டார். சுருண்டு கிடக்கிறது, ஆகவே சிறிய இடம் போதும். சிறிய இடம் கொடுத்தோம், ஆகவே சுருண்டு கிடக்கிறது. இவ்வட்டமும் ஒரு பாம்பு தன் வாலைத் தானே விழுங்குவது போன்றதன்றோ!

அன்று தொடக்கம் ஓய்வுநேரங்களில் இவ்விடயத்தையே தேடி வாசித்தேன். பண்ணை விலங்குகளின் நலனை ஆராயப் பிரித்தானிய அரசு அமைத்த பிரம்பெல் குழு, 1965இல் வெளியிட்ட தன் அறிக்கையில், எந்த விலங்கும் எழவும், படுக்கவும், திரும்பவும், உடலைத் துப்புரவு செய்யவும், அவயவங்களை நீட்டவும் இடம் பெறவேண்டும் என வலியுறுத்தியது. அவயவம் இல்லாத பாம்புக்கு உடல் முழுவதுமே நீட்டவேண்டிய அவயவம் அல்லவா? ஆயினும் கோழிக்கும் பன்றிக்கும் கேட்கப்பட்ட இவ்வுரிமை பாம்புக்கும் உரியதென்று பலர் பேசத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயே. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், தகுந்த சூழலையும் இயல்பான நடத்தைக்கு இடத்தையும் விலங்குக்கு அளிப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது. ஆனால் எத்தனை அடி என்று அது கூறுவதில்லை. அளவை வளர்ப்பவரின் மனச்சான்றுதான் எடுக்கவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பேர்ண், பாசல், சூரிச் ஆகிய சுவிற்சர்லாந்து நகரங்களின் விலங்குக்காட்சிச்சாலைகளுக்குப் பணிப்பாளராக இருந்த ஹைனி ஹெடிகர், 1942இல் வெளிவந்த தம் நூலில், காட்டு விலங்கு எல்லையற்ற சுதந்திரத்தில் திரிகிறது என்பது மனிதரின் கற்பனை என்று வாதிட்டார். ஒவ்வொரு விலங்கும் தனக்கென வரையறுத்த ஆட்புலத்தில், பழகிய வழிகளிலும் மறைவிடங்களிலுமே வாழ்கிறது. ஆதலால் இடத்தின் பரப்பைவிட அதன் தன்மையே முதன்மையானது என்பது அவர் கருத்து. இதில் உண்மை இருக்கிறது. ஒளிய இடமற்ற பெரும் பெட்டியில் விடப்பட்ட போவாக் குட்டி மருண்டு இரையெடுக்க மறுப்பதுண்டு. ஆயின், இதனைக் காட்டிச் சிறு பெட்டியே சிறந்தது என்பார் தவறு செய்கின்றனர். குட்டிக்கு வேண்டியது மறைவிடமேயன்றி நெருக்கடி அன்று. பெரிய பெட்டியிலும் இலையும், பட்டையும், புகுந்துகொள்ள ஈர் எல்லையிலும் ஒவ்வொரு குடிலும் வைத்தால் அச்சம் தீரும்.

வெப்பமும் நீளத்தையே கேட்கிறது. பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே பேணிக்கொள்வதில்லை. சூடு வேண்டியபோது சூட்டிடத்துக்கும் குளிர்மை வேண்டியபோது குளிரிடத்துக்கும் அது நகரவேண்டும். போவாவுக்குப் பெட்டியின் ஒருமுனை 30 பாகை செல்சியசுக்குச் சற்று மேலும், மறுமுனை 25 பாகை அளவிலும் இருத்தல் நன்று. குறுகிய பெட்டியில் விளக்கின் சூடு எங்கும் பரவி இரு முனையும் ஒன்றாகிவிடும். அங்கே தெரிவு என்பதே இல்லை.

இவற்றையெல்லாம் ஒருநாள் மாலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சீவுளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர், இறுதியில், "கட்டிலுக்கும் பிரேதப்பெட்டிக்கும் ஆளை நிமிர்த்தித்தான் அளவெடுக்கிறது, பிள்ளை. இது ரெண்டுக்கும் நடுவில இருக்கிற சீவியத்துக்கு மட்டும் ஏன் சுருக்கி அளப்பான்?" என்றார்.

அவர் எதை நினைத்துக்கொண்டு அவ்வாறு கூறினார் என்பது எனக்குத் தெரியும். 2009இல் எனக்கு ஆறு வயது. முகாமொன்றில், வேறொரு குடும்பத்தோடு ஒரே கூடாரத்தில் நாங்கள் இருந்தோம். முதல் நாளிரவு அப்பா தம் சாணால் தரையை அளந்து, எங்கள் நால்வருக்கும் உரிய பங்கைப் பிரித்தார். நான் அம்மாவின் வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு படுத்தேன். பகலிலே பார்க்க வந்த எவரோ, பிள்ளைகள் நன்றாக உறங்குகிறார்கள் என்று சொல்லிச் சென்றதாக அம்மா பின்னாளில் கூறியிருக்கிறார். ஊர் திரும்பியபின் அப்பா செய்த முதற்பொருள் ஆறரை அடிக் கட்டில். வீட்டுக்கு அப்போது கதவு இல்லை. அம்மா அக்கட்டிலில் இன்றுவரை சுருண்டுதான் உறங்குகிறார்.

மனிதரின் துன்பத்தைப் பாம்பின் கூட்டோடு ஒப்பிடுதல் தகுமோ என்று வாசகர் வினவலாம். நான் ஒப்பிடவில்லை. அளக்கும் முறை ஒன்றே என்பதை மட்டும் சொல்கின்றேன். பழக்கப்பட்ட ஒடுக்கத்தைத் தேவையின் அளவாகக் கொள்ளல் ஆகாது.

அப்பா படத்தைக் கீறினார். கடையில் விற்கும் ஒட்டுப்பலகை 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ளது. அதனை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தால், இரு பலகைகளில் 8 அடி நீளமும், ஏறத்தாழ 2 அடி அகலமும், 2 அடி உயரமும் உள்ள பெட்டி முடியும். இன்று 6 அடியானாலும் அது பெண்பாம்பு, இன்னும் வளரும். வளரும் பிள்ளைக்கு இன்றைய அளவிற் கட்டில் செய்வதில்லை என்றார் அவர். ஈரம் புகாதபடி உட்புறம் பூச்சிட்டு, அதன் நெடி முற்றாக நீங்கிய பின்னரே பாம்பை விடவேண்டும். காற்றுத்துளைகள் இரு முனையிலும் வேண்டும். உடல் சுடாதபடி விளக்குக்குக் கம்பிக்கூடு வேண்டும். ஏறிப் படுக்கத் தடித்த கிளையொன்று அதன் பாரம் தாங்குமாறு இறுக்கப்படவேண்டும் என்று நான் பக்கத்தில் எழுதினேன்.

அண்ணாவின் அறையோ 10 அடிக்கு 9 அடி. கட்டிலும் கதவும் போக, 8 அடிச் சுவர் அங்கே இல்லை. மூலைமட்டம் வைத்துப் பார்த்தாலும் எட்டு எட்டுத்தான். ஒரு கிழமை கழித்து அவர் எடுத்த பேச்சு குறுகியது. தம்மிடம் உள்ளது பாம்பின்மீது விருப்பமேயன்றிப் பாம்புக்கு இடமன்று என்றார். நகருக்கு வெளியே, பாம்புகளுக்கென்றே ஓர் அறை ஒதுக்கியிருந்த அனுபவசாலி ஒருவரிடம் அதனை ஒப்படைத்தார். அப்பாவின் படத்தையும் கூடவே கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்த இரவு அறை வெறிச்சோடிக் கிடந்ததாக அவர் சொன்னபோது, பாம்பை ஏசிக்கொண்டிருந்த அம்மாவே தொலைபேசியை வாங்கி நெடுநேரம் பேசினார்.

இரண்டு மாதங்களின்பின் ஒரு படம் வந்தது. புதிய பெட்டியின் பின்சுவரோரமாக, வெப்பமுனை தொடங்கிக் குளிர்முனையை நோக்கி, அப்பாம்பு முழு உடலையும் நீட்டிக் கிடந்தது. மூக்கிற் புண் இல்லை. அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்து நெடுநேரம் பார்த்தார். "ஆறடிக்கு மேலதான்" என்றார்.

ஓர் உயிருக்கு எத்தகைய கூடு பொருத்தமானது என்று கேட்போருக்கு நான் இன்று கூறக்கூடியது இவ்வளவே: முதலில் அது நிமிரட்டும்; அதன்பின் அளவெடுங்கள். அவ்வளவுக்கு இடந்தர இயலாதாயின் அதனை வளர்க்காது விடுங்கள். அந்த மறுப்பும் அன்பின்பாற்பட்டதே.