நின்று காணும் திரை

திரைப்படம் என்றதும் இருண்ட அரங்கு, வரிசையாய் இருக்கைகள், இடைவேளை, ‘சுபம்’ என்னும் முடிவு ஆகியனவே நம் நினைவிற்கு வருகின்றன. கதை ஓட, நாமும் அதன் பின்னே ஓடுகின்றோம். ஓடும் திரையை நின்று நோக்கினால் காண்பது யாது? இவ்வினாவை எழுப்பிய கலைஞர் சிலரைப் பற்றிப் படித்தபோது, நம் பார்க்கும் பழக்கத்தையே மறுபடியும் எண்ணிப் பார்க்கலானோம்.

ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960-இல் அளித்த ‘சைக்கோ’ 109 நிமிடப் படம். ஸ்காட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் கார்டன் 1993-இல் அதனை 24 மணி நேரமாக நீட்டினார். நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடவேண்டிய படம், ஏறத்தாழ இரண்டாக ஊர்ந்தது. ஒலியும் இல்லை. கிளாஸ்கோ நகரில் முன்னாளில் டிராம் வண்டிகள் நின்ற கொட்டகையில் திரை தொங்கிற்று. மக்கள் அதனைச் சுற்றி வந்து கண்டனர். ஒரு நிமிடக் காட்சி பதின்மூன்று நிமிடங்களாக நீண்டது. அடுத்து வருவது யாதெனப் படம் பார்த்தோர் அறிவர். ஆயினும் அது வருவதில்லை. கதை விலகி நிற்க, ஒரு கையசைவும் இமையசைவுமே நிகழ்ச்சியாகி விடுகின்றன.

கிறிஸ்டியன் மார்க்கிளே வேறு வழி கண்டார். 2010-இல் இலண்டனில் காட்டப்பட்ட அவரது ‘தி கிளாக்’, கடிகாரம் தோன்றும் அல்லது மணி சொல்லப்படும் காட்சிகளைப் பழைய, புதிய படங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் திரட்டி 24 மணி நேரமாகத் தொடுத்தது. திரையில் மணி நான்கு எனில் பார்ப்பவர் கைக்கடிகாரத்திலும் நான்கே. 2011-இல் வெனிஸ் கலைவிழாவில் அதற்குத் தங்கச் சிங்க விருது கிடைத்தது. பொழுதை மறக்கவே நாம் படம் பார்க்கச் செல்கின்றோம். இங்கோ படமே பொழுதை நினைவூட்டுகின்றது!

அரங்கையும் கடந்து தெருவிற்கு வந்தது டக் ஐட்கெனின் ‘சாங் 1’. 2012-இல் வாஷிங்டன் நகரின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்து உருளைச் சுவரே திரையாயிற்று. 11 புரொஜெக்டர்கள் அதனை ஒளியால் போர்த்தின. 1934-ஆம் ஆண்டுப் படமொன்றின் பாடலைப் பலர் பலவாறு பாடினர். நுழைவுச்சீட்டு இல்லை. வட்டச் சுவராதலின், நின்ற இடத்திலிருந்து முழுமையும் காண இயலாது; நடந்தே காணவேண்டும்.

பிறர் எடுத்த படத்தை எடுத்தாளுதல் படைப்பாகுமா என மாணவர் வினவக்கூடும். உரையாசிரியர் மூலத்தில் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை. ஆயினும் நல்ல உரையைக் கற்றபின் மூலம் நமக்கு முன்போல் இருப்பதில்லை. கார்டன் செய்ததும் அத்தகையதே.

திரை காலத்தை விழுங்குகின்றது எனக் கவலையுறும் பெரியோர் நம்மிடை உளர். அக்கவலை பொருளற்றதன்று, செலவாவது வாழ்நாளன்றோ? கைப்பேசியில் படத்தை ஒன்றரை மடங்கு விரைவில் ஓட்டிப் பார்க்கும் இளையோரையும் நாள்தோறும் காண்கின்றோம். விரைந்து பார்த்தமையால் மிஞ்சிய நேரம் எங்கே போயிற்று என அவரைக் கேட்டால் விடை வருவதில்லை. பாடலாயினும் படமாயினும், ஒன்றின்முன் அவசரமின்றி நிற்கும் பொறுமையை வகுப்பறையில் வளர்க்க விழைகின்றோம். அப்பொறுமை வாய்த்தவர், எதற்குத் தம் பொழுதைத் தரலாம், எதற்குத் தரலாகாது என்பதையும் தாமே தெரிந்து கொள்வர்.