கொரியாவில் விருந்தாளியும் குடித்தனக்காரரும்

தென் கொரியாவில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் தங்கியிருந்த வெளிநாட்டவர் 25 லட்சத்துக்கும் மேல். மக்கள்தொகையில் ஏறக்குறைய இருபதில் ஒருவர். மாணவர், ஆலைத் தொழிலாளி, மென்பொருள் பொறியாளர், கொரியரை மணந்து வந்தவர் என இவர்கள் பலவகை. ஆனால் எல்லோருக்கும் அங்கே வாழ்க்கை ஓர் அட்டையில்தான் தொடங்குகிறது. 90 நாள்களுக்கு மேல் தங்கப்போகிறவர், வந்து இறங்கிய 90 நாள்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிந்து, வெளிநாட்டவர் பதிவு அட்டை வாங்கியாக வேண்டும். அது கைக்கு வந்தால்தான் சொந்தப் பெயரில் மாதக் கட்டணக் கைப்பேசி இணைப்பு எடுக்க முடியும். அந்த எண் இருந்தால்தான் வங்கிச் செயலியும் இணையக் கடைகளும் அவரை ஆளாக மதிக்கும். பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் மூன்றும் தொலைபேசி நிறுவனத்தின் பதிவோடு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும் என்பது விதி. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் தமிழருக்கு இதில் கூடுதல் தலைவலி உண்டு. எந்தப் பகுதி முன்னால், நடுவில் இடைவெளி உண்டா இல்லையா என்பது வங்கியில் ஒருவிதமாகவும் கைப்பேசிக் கணக்கில் வேறுவிதமாகவும் ஏறிவிட்டால், இரண்டையும் ஒன்றாக்கும் வரை எதுவும் நகராது. ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்வது 2019 ஜூலை முதல் கட்டாயம். சந்தா கட்டத் தொடங்கியதும் தெருமுனைச் சிகிச்சையகத்துக்குக் கொரியர் கொடுக்கும் அதே கட்டணத்தில் போய்வரலாம்.

அடுத்தது வீடு. பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் ஒத்தி முறைக்கு அங்கே ஜொன்சே என்று பெயர். வீட்டு விலையில் பாதிக்கு மேல் போகும் அந்தத் தொகை பெரும்பாலான வெளிநாட்டவருக்கு எட்டாது. ஆகவே முன்பணமும் மாத வாடகையும் சேர்ந்த வொல்சே முறைக்குத்தான் போகிறார்கள். அதிலும் சியோலில் ஓர் அறை வீட்டுக்கு 1 கோடி வோன், ஏறக்குறைய 6 லட்சம் ரூபாய், முன்பணம் கேட்பது சாதாரணம். அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு, ஒப்பந்தத்தோடு சேர்த்துப் புது முகவரியை அரசு அலுவலகத்தில் உரிய நாள்களுக்குள் பதிந்துவிடுவதுதான். அண்மை ஆண்டுகளில் ஜொன்சே மோசடிகளால் பல இளம் குடும்பங்கள் சேமிப்பை இழந்த பிறகு, இந்தப் பதிவைத் தள்ளிப்போடக் கூடாது என்று கொரியர்களே புதியவர்களிடம் அழுத்திச் சொல்கிறார்கள்.

வீட்டுக்குள் எல்லாம் தரையைச் சுற்றியே நடக்கிறது. வாசலை ஒட்டி ஒரு படி தாழ்ந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏற வேண்டும். தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்கள் அறையைச் சூடாக்குகின்றன. முன்பு சமையலறை அடுப்பின் புகையைக் கற்பலகைகளுக்கு அடியில் செலுத்தித் தரையைச் சூடேற்றிய ஒன்டோல் முறையின் இன்றைய வடிவம் இது. சுவரில் இருக்கும் சிறு பலகையில் ‘வெளியே போகிறேன்’ என்பதற்கு ஒரு பொத்தான் இருக்கும். ஊருக்குப் போகும்போது பணத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துப் புதியவர் கொதிகலனை முழுக்க அணைத்துவிடுவதுண்டு. சியோலின் ஜனவரி இரவு சுழியத்துக்குக் கீழே 10 பாகைக்கும் இறங்கும். குழாய் உறைந்து வெடித்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் செலவு வைக்கும். அந்தப் பொத்தான் குழாயை உறையாமல் காக்கும் அளவுக்கு மட்டும் சூட்டைத் தக்கவைக்கிறது.

ஆனால் கொரியாவில் குடித்தனம் என்றால் என்ன என்பதை உண்மையில் கற்றுக்கொடுப்பது குப்பைதான். 1995 முதல் நாடு முழுவதும் குப்பைக்கு அளவுக்கேற்ற கட்டணம். அந்தந்த மாவட்ட நிர்வாகம் அச்சிட்டு விற்கும் பைகளை மளிகைக் கடையில் வாங்க வேண்டும். பையின் விலையே கட்டணம். காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் எல்லாம் கழுவிப் பிரித்தால் கட்டணமில்லை. நிறமற்ற தண்ணீர் பாட்டில்கள் அடுக்ககங்களில் 2020 டிசம்பர் முதல் மற்ற பிளாஸ்டிக்கோடு சேரக்கூடாது. சுற்றியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டு, நசுக்கி, மூடியை மாட்டித் தனிக்கூடையில் போட வேண்டும். உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைப்பதற்கு 2005இல் தடை வந்தது. இப்போது அதன் பெரும்பகுதி கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. பல குடியிருப்புகளில் உணவுக் கழிவுக்கு என்றே ஓர் இயந்திரத் தொட்டி நிற்கும். வீட்டு அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதும் எடை தெரியும். அந்த வீட்டின் கணக்கில் ஏறிவிடும்.

எது உணவுக் கழிவு என்பதில்தான் புதியவர் தடுமாறுகிறார். விலங்கு தின்னக்கூடியதா என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். முட்டை ஓடு, கோழி எலும்பு, சிப்பி, வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, மாங்கொட்டை, தேங்காய் ஓடு எல்லாம் சமையலறையில் மிஞ்சியவைதான். ஆனால் உணவுக் கழிவு அல்ல, பொதுக் குப்பை. குழம்பு மிஞ்சினால் நீரை வடித்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். தப்பாகக் கட்டிய பையை வண்டிக்காரர் எடுக்காமல் போய்விடுவார். காவலாளியோ மாடிவீட்டு மூதாட்டியோ அந்தப் பையைப் பிரித்து, எது எங்கே போக வேண்டும் என்று நின்று காட்டுவார். குரலில் கண்டிப்பு இருக்கும். சுற்றுலாப் பயணியிடம் அந்தக் குரலில் யாரும் பேசமாட்டார்கள். மறு வாரமும் இதே வாசலில் குப்பை வைக்கப்போகும் ஆள் இவர் என்று முடிவுசெய்த பிறகுதான் கண்டிப்பு வருகிறது.

சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான். கொரிய உணவைச் சுவைப்பது எளிது. கொரியரோடு உட்கார்ந்து உண்பதற்குப் பழக்கம் வேண்டும். மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே மற்றவர் தொடங்குவார்கள். சோறும் சூப்பும் கரண்டியால். தொட்டுக்கொள்ளும் பன்சான்கள் உலோகக் குச்சிகளால். ஜப்பானிலும் சீனாவிலும் செய்வதுபோல் கிண்ணத்தைக் கையில் ஏந்துவதில்லை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் அது முன்னோர் படையலை நினைவூட்டும். தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளாமல் அடுத்தவர் கோப்பையைக் கவனித்திருந்து ஊற்ற வேண்டும். மூத்தவருக்கு இரு கையாலும். அவர் எதிரில் மது குடிக்கும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வது மரியாதை. சைவ உணவுக்காரரின் பாடு கடினம். காய்கறிச் சூப்புக்கும் அடிநீர் பெரும்பாலும் நெத்திலியில் கொதித்தது. கிம்ச்சியிலேயே மீனோ இறாலோ ஊறவைத்த சாறு கலந்திருக்கும். பௌத்த மடங்களின் சமையல் அவருக்குப் பொருந்தும், ஆனால் அதில் பூண்டும் வெங்காயமும்கூட இராது.

கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கம் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குளிர் இறங்கும் நவம்பர், டிசம்பரில் சீன முட்டைக்கோசுகளை இரண்டாகப் பிளந்து இரவெல்லாம் உப்பில் ஊறவைப்பார்கள். காலையில் கழுவி நீர் வடிந்ததும் மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, மீன்சாறு சேர்ந்த மசாலாவை ஒவ்வோர் இலைக்கும் இடையில் தடவுவார்கள். ரப்பர்க் கையுறையோடு தரையில் வட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலை. மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகும். முடிந்ததும் வேகவைத்த பன்றி இறைச்சியோடு புதுக் கிம்ச்சியை உண்டுவிட்டு, கைகொடுத்த ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் நிறைய எடுத்துச் செல்வார்கள். சுற்றுலாக்காரருக்கு ஏப்ரன் மாட்டி ஒரே ஒரு கோசைக் கொடுத்துப் படம் எடுக்கவைக்கும் ஏற்பாடுகளும் உண்டு. நாள் முழுக்க உட்கார்ந்து தடவியவருக்கும் இவருக்கும் கிடைப்பது ஒரே உணவுதான். கிடைக்கும் உறவு வேறு.

பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மை. அறிமுகமான சில நிமிடங்களில் வயதைக் கேட்பது அங்கே துருவல் அல்ல. எந்த வினைமுடிவில் பேசுவது என்று தெரிய வேண்டும். பிறந்தவுடன் ஒரு வயது என்று எண்ணும் பழைய கணக்கைச் சட்டம் 2023 ஜூன் 28 முதல் கைவிட்டுவிட்டது. ஆனாலும் ஒருவர் மூத்தவரா, ஒரே ஆண்டில் பிறந்தவரா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. உணவகத்தில் பரிமாறும் பெண்மணியைச் ‘சித்தி’ என்ற பொருளில் இமோ என்று அழைப்பதும், முன்பின் அறியாத கடைக்காரரை உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதும் தமிழருக்கு உடனே பிடிபடும். பிடிபடாதது வினைச்சொல்லின் படிகள். வெளிநாட்டவர் தவறான படியில் பேசினால் பெரும்பாலான கொரியர் சிரித்துப் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டு வாக்கியம் சொன்னாலே நன்றாகப் பேசுவதாகப் பாராட்டுவார்கள். மனமார்ந்த பாராட்டுதான், சந்தேகமில்லை. ஆயினும் ஆண்டுகள் கடந்த பிறகும் அதே பாராட்டும் அதே பொறுமையும் தொடர்ந்தால், அவர் இன்னும் விருந்தாளி இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கே நெடுநாள் வாழ்ந்தவர்கள் கடந்துவர வேண்டியிருப்பது பகைமையைவிட இந்த இனிய விலக்கைத்தான். அலுவலகத்தில் மூத்த தோழி ஒருவர் ஒருநாள், “அந்தச் சொல்லைத் தலைவரிடம் அப்படி முடிக்காதே” என்று தனியாக அழைத்துத் திருத்தினால், இருக்கை மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

எல்லோருக்கும் அந்த இருக்கை மாறுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை, நேபாளம், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் தொழிலாளர் வருகிறார்கள். முதல் ஒப்பந்தம் 3 ஆண்டு. நீட்டித்தால் 4 ஆண்டு 10 மாதம். குடும்பத்தை அழைத்துவர அனுமதியில்லை. நினைத்தபடி வேலையிடம் மாறவும் முடியாது. ஊருக்கு வெளியே ஆலை விடுதியில் தங்கி, மேற்பார்வையாளரின் கட்டளைகளிலிருந்து கொரிய மொழியைக் கற்கும் இவர்களிடம் கொரியப் பண்பாட்டில் ஆழ்ந்துவிடு என்று சொல்வது நியாயமாகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்சான் நகரின் வொன்கோக் பகுதியில் இவர்கள் கூடுகிறார்கள். அங்கே அவரவர் நாட்டு மளிகையும் அவரவர் மொழியும் கிடைக்கின்றன. புத்தாண்டான சொல்லாலுக்கும் அறுவடைத் திருநாளான சுசோக்குக்கும் நகரமே பிறந்த ஊருக்குக் கிளம்பிப் போகும்போது, கடை திறந்து மனிதமுகம் தெரியும் இடங்களில் ஒன்று அந்தத் தெரு.

கொரிய வாழ்க்கைக்குள் வேறு எவரையும்விட ஆழமாக இறங்கியவர்கள், வியட்நாமிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கிராமங்களுக்கு மணமாகி வந்த பெண்கள். மாமியாரின் வட்டார வழக்கு, முன்னோர் படையலுக்கான அடுக்குமுறை, ஆண்டுக்கு ஒரு முறை கிம்ஜாங், பிள்ளைகளின் பள்ளிக் கடிதங்கள் என்று எதையும் அவர்கள் விரும்பித் தேர்ந்து பழகவில்லை. எல்லாம் வந்த நாளே தோளில் ஏறிவிட்டன. 2008இல் இயற்றப்பட்ட பன்முகப் பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் இவர்களுக்கு மொழி வகுப்பும் ஆலோசனையும் கொடுக்கிறது. கொரியப் பழக்கங்களை இவர்கள் கற்பதற்கு எத்தனையோ ஏற்பாடு. இவர்களின் மொழியைப் பிள்ளைகளும் கணவரும் கற்பதற்கு அதில் பாதி அக்கறைகூட இல்லை. இதை மாற்றுவது அரசால் இயலாத காரியமல்ல.

உரிமையிலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. நிரந்தரக் குடியிருப்பு பெற்று 3 ஆண்டு நிறைந்த வெளிநாட்டவர், குடியுரிமை இல்லாமலேயே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2005இல் தேர்தல் சட்டம் அப்படித் திருத்தப்பட்டு, 2006 மே 31 அன்று முதல்முறையாக அவர்கள் வாக்களித்தார்கள். அதிபர் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கில்லை. குப்பைப் பையின் விலையையும் தெருவிளக்கையும் தீர்மானிக்கும் உள்ளாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் பங்குண்டு.