தொங்கல் காம்பராவும் சேஸ் தெருப் பேயும்

‘த கான்ஜூரிங்: லாஸ்ட் ரைட்ஸ்’ படத்தோடு பேய்க்கதை முடிந்தது என்றார்கள். 2013இல் ஜேம்ஸ் வான் தொடங்கி வைத்த தொடர் இது. நடுவில் அனபெல் பொம்மைக்குத் தனிப்படம், கன்னியாஸ்திரிப் பேய்க்குத் தனிப்படம் என்று கிளைவிட்டு, 2025 செப்டெம்பரில் கடைசிப் பாகம் வந்தது. வசூலில் தொடரிலேயே அதுதான் முதலிடம். அதிலுள்ள பயத்தை மட்டும் கேட்டால், முதல் படத்தின் கைதட்டல் காட்சிக்கு முன் இது நிற்காது. இரண்டேகால் மணி நேரத்தில் பாதி, தொடர் முழுக்கப் பேய் விரட்டும் வாரன் தம்பதியின் மகள் ஜூடியின் காதலுக்கும் கல்யாணத்துக்குமே போய்விடுகிறது.

இருந்தாலும் படத்தில் பேய் பிடித்த அந்த வீடு என்னை விடவில்லை. பென்சில்வேனியா மாநிலம், வெஸ்ட் பிட்ஸ்டன், சேஸ் தெரு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் ஜாக், ஜெனட் ஸ்மர்ல் தம்பதியும் பிள்ளைகளும். மறுபக்கம் ஜாக்கின் தாய் தகப்பன். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை. அடுத்த காம்பராவில் ஆள் இருமினால் இங்கே தூக்கம் கலையும். லயத்தின் கோடியில் உள்ள தொங்கல் காம்பராக்காரருக்கு ஒரு பக்கம் மனிதச் சத்தம், மறுபக்கம் ரப்பர் மலையின் இருட்டு. பேய்க்கதைகள் அந்தக் காம்பராவில்தான் அதிகம் பிறக்கும்.

‘உண்மைச் சம்பவம்’ என்று படம் சொல்கிறதே, அதில் எவ்வளவு உண்மை என்று தேடப் போனேன். துர்நாற்றம், சுவரில் தட்டும் ஓசை, கண்ணுக்குத் தெரியாத கையின் தாக்குதல் என்று ஸ்மர்ல் குடும்பம் சொன்ன கதை 1986இல் பத்திரிகைகளுக்கு வந்தது. நிஜ வாரன் தம்பதியான எட்டும் லொரெய்னும் உள்ளே நுழைந்தார்கள். உள்ளூர்ச் செய்தியாளர் ராபர்ட் கரன் அதைப் பிறகு ‘த ஹான்டட்’ என்ற பெயரில் புத்தகமாக்கினார். 1991இல் தொலைக்காட்சிப் படமும் வந்தது. ஆக, கடைசிப் பாகம் என்று நாம் பார்த்தது ஏற்கெனவே ஒருமுறை படமாகி ஓய்ந்த கதை.

அதற்கு முன்னால் போனால் பேயைக் காணோம், வெள்ளம்தான் வருகிறது. 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் சஸ்குவெஹானா ஆற்றைக் கரைபுரள வைத்தது. ஸ்மர்ல் குடும்பம் வில்க்ஸ்-பாரி நகரில் வீட்டை விட்டுக் கிளம்பியது அந்த வெள்ளத்தால்தான். அடுத்த ஆண்டு சேஸ் தெருவுக்கு வந்தார்கள்.

இன்னும் தோண்டினால் நிலக்கரி. அந்தப் பள்ளத்தாக்கே சுரங்கம் வெட்டிப் பிழைத்த பூமி. 1959 ஜனவரி 22ஆம் தேதி, பிட்ஸ்டனுக்குப் பக்கத்தில் நொக்ஸ் கம்பெனியின் சுரங்கக் கூரை உடைந்து ஆறே உள்ளே இறங்கியது. ஆற்றுக்கு மிக அருகில், அடிப்பாகம் மெலியும்வரை வெட்டியிருந்தார்கள். 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த வட்டாரத்தில் ஆழச் சுரங்கத் தொழிலுக்கே அத்தோடு சாவுமணி அடித்தது. ஸ்மர்ல் வீட்டுச் சத்தங்களைப் பற்றி எழுதிய பால் கர்ட்ஸ் என்ற பகுத்தறிவாளர், கைவிட்ட சுரங்கங்களில் நிலம் அமர்வதும் காரணமாக இருக்கலாம் என்றார். குடும்பம் அவருடைய சோதனைக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே அது அவருடைய ஊகமாகவே நின்றுவிட்டது.

ஊகம்தான். ஆனால் சப்ரகமுவக்காரருக்கு அது சட்டென்று உறைக்கும். இரத்தினபுரியில் ‘இல்லம்’ என்னும் கல்மண் படிவத்தைத் தேடி மாணிக்கக் குழி இறங்குகிறது. குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் சுரங்கமும் ஓடுகிறது. கேகாலைப் பக்கமோ செங்குத்துச் சரிவுகள். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசரமலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாள் புலத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் லயம் மண்ணுக்குள் போனது. 16 பேர் மாண்டார்கள். மண்சரிவுக்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறார்கள் பாருங்கள்: சுவரில் புது வெடிப்பு, அடைக்க முடியாமல் இறுகும் கதவு, சாயும் மரம், இல்லாத இடத்தில் திடீர் ஊற்று, தெளிந்த நீர் சேறாவது. இதை அப்படியே ஒரு பேய்ப்பட இயக்குநரிடம் கொடுத்தால் முதல் அரைமணி நேரக் காட்சிகள் தயார்.

கடைசிப் பாகத்தில் இயக்குநர் மைக்கேல் சாவ்ஸ் பேயைக் கொண்டுபோய் ஒரு பழைய கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். அங்கேதான் எனக்குச் சப்பென்று போனது. தோட்டத்துச் சனம் இந்த விஷயத்தில் கெட்டி. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சுற்றும் எந்திரச் சக்கரத்தில் ரோதைமுனியை வைத்தார்கள். கவ்வாத்துக் கத்தி தேயிலையில் படும் முன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டார்கள். விரல் போவதும் உயிர் போவதும் எந்த இடத்தில் என்று தெரிந்தவர்கள், தெய்வத்தையும் அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். வெஸ்ட் பிட்ஸ்டன் பேய்க்கு நிலக்கரித் தூசியாவது ஒட்டியிருந்தால் நான் நம்பியிருப்பேன். கண்ணாடிப் பேய்க்கு அந்த ஊரும் ஒன்றுதான், எந்த ஊரும் ஒன்றுதான்.

எட் வாரன் 2006இலும் லொரெய்ன் 2019இலும் இறந்தார்கள். ஸ்மர்ல் குடும்பம் சேஸ் தெருவை எப்போதோ காலி செய்துவிட்டது. அவர்களுக்குப் பிறகு அங்கே குடிவந்தவர், தமக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஓயாதது தொடர்தான்: முன்கதைப் படம் ஒன்றை அறிவித்தாயிற்று.