ஒரு விடுப்புக் கடிதம்

1994 ஆக இருக்கும். கருங்கல் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எனக்கு. இரண்டு நாள் வராமலிருந்த ஒரு பெண்பிள்ளை மூன்றாம் நாள் கடிதத்தோடு வந்தாள். அதில் இப்படி இருந்தது: ‘மகள் பள்ளி வர இல்லை. அம்மா காய்ச்சல் ஆஸ்பத்திரி. மகள் டாக்டர் பேச.’

"இத ஆரு எழுதினது?"

"அப்பா எழுதினதாக்கும் சாறே."

நான் நம்பவில்லை. எழுத்து மணிமணியாக இருந்தது, வாக்கியம் மட்டும் தாறுமாறு. வளர்ந்த ஆள் இப்படியா எழுதுவான்? பொய்க் கடிதம் என்று முடிவு கட்டி உள்ளங்கையில் இரண்டு அடி வைத்தேன். பிள்ளை அழவில்லை. அது என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். சந்தைப் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். ஆளைப் பார்த்திருக்கிறேன், காது கேட்காதவர் என்று தெரியாது. மனைவிக்கும் கேட்காது, அண்டி ஆபீசில் வேலை. சட்டைப்பையிலிருந்து ஒரு குறிப்பு நோட்டை எடுத்து, என் முன்னாலேயே இரண்டு வரி எழுதிக் காட்டினார். அதே கையெழுத்து. அதே தாறுமாறு.

எனக்கு முகம் வெளிறிப் போயிற்று. ‘தவறு என்னுடையது’ என்று கீழே எழுதினேன். வாசித்தார். பிறகு விரலை நீட்டி வகுப்பில் இருந்த மகளைக் காட்டினார். அவளிடம் சொல் என்கிறார். அன்று சொல்லவில்லை. வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் காலத்தில் ஏது? இரண்டு நாள் கழித்துத்தான் வாய் வந்தது.

அவர் படித்தது பாளையங்கோட்டையில். ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. கடிதத்தின் தமிழ் ஏன் அப்படி இருந்தது என்பது அவரோடு நோட்டில் எழுதி எழுதிப் பழகிய பிறகுதான் பிடிபட்டது. நாம் தமிழைக் காதால் வாங்கினோம். ‘ஐ’, ‘ஆல்’, ‘கு’ எல்லாம் யாரும் சொல்லித் தராமலே வந்து ஒட்டிக்கொண்டன. அவருக்குச் சைகைதான் தாய்மொழி, அதற்குத் தனி இலக்கணம். தமிழ் அவர் கண்ணால் படித்த இரண்டாம் மொழி. நான் எழுதும் இங்கிலீஷை ஒரு வெள்ளைக்காரன் வாசித்தால் எனக்கும் இரண்டு அடி விழுந்திருக்கும்.

இன்னொன்றும் வெளிவந்தது. அதற்கு முந்தைய பெற்றோர் கூட்டங்களில் அம்மாவோடு வந்த அந்தப் பிள்ளையைக் கொண்டே நான் சொன்னதைச் சைகையில் சொல்ல வைத்திருந்தேன். ‘கணக்கில் கவனம் போதாது’ என்றேன். அம்மா சிரித்துத் தலையாட்டினார். நல்ல குணமுள்ள தாய் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கவே இல்லை! குற்றவாளியையே துபாஷியாக வைத்த புத்திசாலி நான். ஆனால் விளையாட்டு அது மட்டும்தான். ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ், ரேஷன் கடை என்று அந்த வீட்டுக்குக் காதும் வாயும் பத்து வயசுப் பிள்ளைதான். அம்மாவின் நோயை டாக்டரிடம் சொல்ல வேண்டியதும், டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் அவளே.

பிறகு அவளை இடையில் நிறுத்தவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாளே பேச வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதிக் கொடுத்தனுப்புவேன், உறையை ஒட்டி. நேரில் பேசும்போது அவரே எனக்குப் பாடம் எடுத்தார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதே, முகம் இருட்டாகிறது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதே. கத்தாதே. மீசையைக் குறை. உதடு பார்த்துப் படிப்பதிலும் எல்லாம் பிடிபடாது. ‘படம்’, ‘மடம்’ இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும். கண்ணாடி முன் நின்று பார்த்தேன், உண்மைதான்.

சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயாவில், காது கேளாத குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று பின்னாளில் அறிந்தேன். காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். ஆகவே அந்த ஏற்பாடு. என் வகுப்பில் இருந்தது நேர்மாறு. கேட்கும் பிள்ளை, கேளாத பெற்றோர். எங்கள் பயிற்சிப் பள்ளியில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சைகையைப் பள்ளிகளிலிருந்து விரட்ட வேண்டும் என்று 1880இல் மிலான் நகரில் கூடித் தீர்மானம் போட்டவர்களும் ஆசிரியர்கள்தானே.

சென்ற மாதம் அந்தப் பிள்ளை, இப்போது அவளுக்கே காலேஜ் போகிற மகன், அப்பாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். சைகைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். அப்பாவும் மகளும் என்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டுவதைக் கவனித்தேன்.

"அது என்னம்மா?"

அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "அது ஒங்க பேரு சாறே. அண்ணைக்கு வச்சது. மாத்தல்ல."